சிறு அளவுக் காளான் மருந்தாகுமா?

வயநாட்டில் 2024இல் பதிவான ஒரு போதைப்பொருள் வழக்கில், கைப்பற்றியதாக அதிகாரிகள் சொன்ன பொருட்களில் 226 கிராம் ‘மேஜிக் மஷ்ரூம்’ காளானும் 50 கிராம் காளான் கேப்சூல்களும் இருந்தன. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பி.வி.குஞ்ஞிகிருஷ்ணன் அந்த வழக்கில் பிணை வழங்கினார். காளான் இயற்கையில் முளைக்கும் பூஞ்சை. சட்டப் பட்டியலில் இருப்பது அதற்குள் உள்ள சைலோசைபின் என்ற வேதிப்பொருள். ஆகவே காளானின் மொத்த எடையை அப்படியே போதைப்பொருளின் எடையாகக் கொள்ள முடியாது என்பது அந்த ஆணையின் சாரம். ஒரு பிணை மனுவில் எழுந்த சட்டக் கேள்விக்கான விடை, அவ்வளவுதான். அது வாட்ஸ்அப்பில் ஏறி நம் ஊர்களுக்கு வந்து சேர்வதற்குள், ‘மேஜிக் மஷ்ரூம் போதைப்பொருளே இல்லை, கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்றாகிவிட்டது.

அந்த வழக்கில் என் கவனத்தைப் பிடித்தது கேப்சூல்தான். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் வட்டக்கானலிலும் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் காளான் தேடுவதும், அதை விற்றவர்களைக் காவல் துறை பிடிப்பதும் பழைய செய்தி. அது ஓர் இரவின் கிறுக்கு என்று தெரிந்தே செய்யப்படுவது. கேப்சூலின் கதை வேறு. அதை வாங்குகிறவர் தன்னைப் போதைக்காரர் என்று நினைப்பதில்லை. மருந்து சாப்பிடுவதாக நினைக்கிறார். மைக்ரோடோசிங் என்று பெயர். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஃபேடிமன் 2011இல் வெளியிட்ட நூலிலிருந்து இந்த முறை பரவியது: ஒரு நாள் எடுத்துக்கொள்வது, இரண்டு நாள் விடுவது. அளவு உலர்ந்த காளானில் 0.1 முதல் 0.3 கிராம் வரை. காட்சி தெரியாது, தலை சுற்றாது, வேலைக்குப் போகலாம்; ஆனால் மனம் லேசாகும், கவனம் கூடும், தூக்கம் வரும் என்பது வாக்குறுதி.

இதைக் கடலோர ஊரான காரைக்கால்மேட்டிலிருந்து ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் எங்கள் தெருப் பையன் ஒருவன் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, தன் அப்பாவுக்காகக் கொண்டுவந்ததை என்னிடம் காட்டினான். ஜிப் வைத்த சின்னப் பிளாஸ்டிக் பை. உள்ளே சாம்பல் பழுப்புப் பொடி நிரப்பிய கேப்சூல்கள். தனியாக ஒரு காகித மடிப்பில் காய்ந்து சுருங்கிய இரண்டு மூன்று முழுக் காளான்கள். ஈர வைக்கோல் மக்கிய வாசம். தண்டில் அடிபட்ட இடமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது.

“இந்த நீலம்தான் சித்தப்பா ஒரிஜினலுக்கு அடையாளம். இது போதைக்கு இல்ல. மூணு நாளைக்கு ஒண்ணு. அப்பா ராத்திரியெல்லாம் திண்ணையிலேயே உக்காந்திருக்காங்க, தூங்குறதே இல்லன்னு அம்மா அழுவுது. ஃபாரின்ல டாக்டருங்களே இத வச்சுத்தான் டிப்ரஷனுக்குப் பாக்குறாங்க” என்றான்.

அவன் விற்பவன் அல்ல, நம்புகிறவன். அப்பா மீது பாசம் உள்ளவன். அவன் சொன்னதில் பாதி உண்மையும்கூட. அதனால்தான் இதை ‘போதை ஒழிக’ என்று ஒரு வரியில் தள்ளிவிட மனம் வரவில்லை. அவன் சொன்னதில் எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி இல்லை என்பதை அவனைப் போன்றவர்களுக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர். கடலுக்குப் போகிறவர். கடல் தொழிலில் தூக்கம் கெடுவது வியாதியாகவே எண்ணப்படுவதில்லை. பின்னிரவில் ஃபைபர் படகு இறங்குகிறது. விசைப்படகு போனால் நாட்கணக்கில் கடலிலேயே தங்கல். டீசல் கடன், வலைக் கடன், மகள் கல்யாணக் கடன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரருக்கு வருமானம் நின்றுபோகும், வட்டி நிற்காது. எல்லை அருகே போனால் இலங்கைக் கடற்படை. 2025 ஜனவரி 28 அதிகாலை நெடுந்தீவுக்கு அருகே காரைக்கால் படகு ஒன்றின் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 மீனவர்கள் சிக்கினார்கள், இருவர் பலத்த காயமடைந்தார்கள். 2004 டிசம்பர் 26ஐ இந்தக் கரையில் யாரும் நினைவுபடுத்தத் தேவையில்லை. காரைக்கால் பகுதியில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டுபோனது. அன்று பிள்ளையைக் கையிலிருந்து நழுவவிட்டவர்கள் இன்றும் இங்கேதான் மீன் விற்கிறார்கள், வலை பின்னுகிறார்கள். அவர்களில் எத்தனை பேரை ஒரு மனநல மருத்துவர் ஒரு தடவையாவது உட்காரவைத்துப் பேசியிருப்பார்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், லட்சம் பேருக்குத் தற்கொலை விகிதம் இந்திய அளவில் 12.4, காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 29.7. சிக்கிமுக்கும் அந்தமானுக்கும் அடுத்த இடம் நமக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. இப்படி ஒரு வெற்றிடம் இருக்கும் இடத்தில், ‘மூன்று நாளைக்கு ஒரு கேப்சூல், மனசு லேசாகிவிடும்’ என்று யார் வந்து சொன்னாலும் காது கொடுப்பார்கள். நானும் கொடுத்தேன். பிறகு படித்தேன்.

சைலோசைபின் உடலுக்குள் போனதும் சைலோசினாக மாறுகிறது. மூளையில் செரடோனின் போய் உட்கார வேண்டிய ஏற்பிகளில் ஒரு வகையைப் பற்றிக்கொள்கிறது. அளவு போதுமானதாக இருந்தால் புலன்கள் கலங்கும், காலம் நீளும், ‘நான்’ என்ற எல்லையே கரையும். இந்தக் கலக்கம் நீண்டநாள் துயரத்தில் உறைந்துபோன மனதை இளக்க உதவலாம் என்பது மருத்துவர்களின் எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 51 புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. சாவு பயத்திலும் சோர்விலும் இருந்தவர்கள் அவர்கள். ஆறு மாதம் கழித்தும் பத்தில் எட்டுப் பேருக்கு அந்தச் சுமை கணிசமாகக் குறைந்திருந்தது. வேறு மருந்துகளுக்கு அசையாத மனச்சோர்வு கொண்ட 233 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2022 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. 25 மில்லிகிராம் ஒரே ஒரு தடவை கொடுக்கப்பட்டவர்களில் 37 விழுக்காட்டினருக்கு மூன்றாவது வாரத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இதை வேறு மருந்துகளுக்கு அசையாத மனச்சோர்வுக்குக் கொடுக்கலாம். ‘ஃபாரின்ல டாக்டருங்களே’ என்று பையன் சொன்னது இதைத்தான். இந்தப் பாதி உண்மை.

இனி மற்றப் பாதி. அதே 233 பேர் ஆய்வில் மூன்று குழுக்கள் இருந்தன. ஒன்றுக்கு 25 மில்லிகிராம், ஒன்றுக்கு 10, ஒன்றுக்கு 1. அந்த 1 மில்லிகிராம் எதற்கு? ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. மருந்தின் வேலை நடக்காத அளவு என்று ஆய்வாளர்களே கருதி, வெற்று மாத்திரையின் இடத்தில் வைத்த அளவு அது. உலர்ந்த காளானின் எடையில் சைலோசைபின் பொதுவாக நூற்றில் அரையிலிருந்து ஒரு பங்கு வரை இருக்கும். அப்படியென்றால் 0.1 கிராம் பொடி அடைத்த கேப்சூலில் இருப்பது அதிகபட்சம் அந்த 1 மில்லிகிராம். பெரிய அளவின் பலனைக் காட்டுவதற்காக ஆய்வாளர்கள் எதைப் பலனற்றதாக வைத்தார்களோ, ஏறக்குறைய அதுதான் மூன்று நாளைக்கு ஒன்றாக விற்கப்படுகிறது. மைக்ரோடோசிங்கை விளம்பரப்படுத்துகிறவர்கள் மேற்கோள் காட்டும் வெற்றிகள் எல்லாம் பெரிய அளவின் வெற்றிகள்; விற்பது சிறிய அளவு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

அந்த 1 மில்லிகிராம் குழுவிலும் 18 விழுக்காட்டினர் முன்னேறினார்கள் என்பதை மறைக்கக் கூடாது. அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே ஆய்வுக்கு முன் பல தடவை பேச்சு, அன்று முழுவதும் அருகில் ஓர் ஆள், பின்பும் பேச்சு. தன் துயரத்தை ஒருவர் மணிக்கணக்கில் காது கொடுத்துக் கேட்டால் மனிதர் கொஞ்சம் தேறுவார். இதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பதினெட்டு விழுக்காட்டினருக்குக் கிடைத்தது நம் திண்ணைக்காரருக்குக் கிடைத்ததே இல்லை.

சிறு அளவை மட்டும் தனியே சோதித்த ஆய்வுகளும் உண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2021இல் வெளியிட்டது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. ஏற்கெனவே வீட்டில் இதை எடுத்துக்கொண்டிருந்தவர்களையே பங்கேற்க வைத்தார்கள். அவரவர் சரக்கை அவரவரே வெளியே தெரியாத கேப்சூலில் அடைக்க வேண்டும்; சிலவற்றை வெறுமையாக விட வேண்டும்; கியூஆர் கோடு ஒட்டிய உறைகளில் போட்டுக் கலக்க வேண்டும். எந்த நாள் எதை விழுங்கினோம் என்பது விழுங்கியவருக்கே தெரியாது. 191 பேர் முடித்தார்கள். காளானோ எல்எஸ்டியோ எடுத்தவர்களுக்கு மனநிலை தேறியது, உண்மை. வெறும் கேப்சூல் விழுங்கியவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு தேறியது. எதை எடுத்தோம் என்று அவர்கள் யூகித்ததைக் கணக்கில் கொண்டதும், எஞ்சியிருந்த சொற்ப வித்தியாசமும் மறைந்தது. நம்பிக்கைதான் வேலை செய்திருக்கிறது. அர்ஜென்டினாவில் 34 பேருக்கு அரை கிராம் காளான் கொடுத்துச் செய்து, 2022இல் வெளியான ஆய்விலும் படைப்பாற்றலோ சிந்தனைத் திறனோ கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் செல்பேசிச் செயலி வழியாகப் பதிந்த அனுபவங்களை வைத்து ‘மனநிலை மேம்பட்டது’ என்று சொல்லும் ஆய்வுகளும் வந்துள்ளன. அவற்றில் வெறும் கேப்சூலோடு ஒப்பீடு கிடையாது. நம்பி எடுத்தவரிடமே ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்டு வாங்கிய பதில் அது.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே, நம்பிக்கையால் தூங்கினால் என்ன என்று கேட்கலாம். அந்தக் கேள்வியில்தான் எனக்குக் கவலை.

பெரிய அளவை ஆய்வகத்தில் கொடுக்கும்போது வாழ்நாளில் ஓரிரு தடவைதான் கொடுக்கிறார்கள். மைக்ரோடோசிங் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீள்வது. சைலோசின் மூளையோடு நிற்பதில்லை; இதய வால்வில் உள்ள இன்னொரு வகைச் செரடோனின் ஏற்பியையும் தொடுகிறது. அந்த ஏற்பியை நாள்தோறும் தூண்டியதால் இதய வால்வு தடித்துப்போன அனுபவம் மருத்துவ உலகுக்கு உண்டு. ஃபென்ஃப்ளூரமின் என்ற உடல் எடை குறைப்பு மாத்திரை அதனால்தான் 1997இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சிறு அளவுக் காளான் அப்படிச் செய்யும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. செய்யாது என்றும் நிரூபிக்கவில்லை. அத்தனை காலம் யாரையும் பின்தொடர்ந்து பார்க்கவில்லை. ஏற்கெனவே சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ள ஐம்பது வயதுக்காரரின் நெஞ்சில் இந்தச் சோதனையை நாம் நடத்தலாமா?

குடும்பத்தில் மனச்சிதைவோ இருதுருவ மனநோயோ இருந்தால் இந்த வகைப் பொருட்கள் நோயைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால் மருத்துவ ஆய்வுகள் அத்தகையவர்களைச் சேர்ப்பதே இல்லை. நம் ஊர்க் குடும்பங்களில் ‘சின்ன வயசுலேயே பேய் புடிச்சு, கோயில்ல கட்டிப்போட்டு வச்சிருந்தாங்க’ என்று ஒரு பெரியப்பாவைப் பற்றிச் சொல்வார்கள். அது எந்த நோய் என்று எந்தச் சீட்டிலும் இருக்காது. கேப்சூல் விற்பவர் அதைக் கேட்கவும் மாட்டார். லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள் இதைச் சேர்த்து எடுத்தபோது வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. மனச்சோர்வு மாத்திரையை ‘இனி இது போதும்’ என்று தானாக நிறுத்திவிட்டுக் காளானுக்கு மாறுவது இன்னொரு ஆபத்து. காளான் செய்யும் கெடுதலைவிட நிறுத்திய மாத்திரையால் வரும் கெடுதல் பெரிதாக இருக்கும்.

அளவின் கதை இன்னும் மோசம். ஆய்வகத்தில் கொடுப்பது எடை போட்ட வேதிப்பொருள். காளானோ ஒரே பாத்தியில் ஒரே நாளில் முளைத்தாலும் ஒன்றுக்கொன்று வீரியம் பல மடங்கு மாறும். நேற்று ஒன்றும் செய்யாத அதே எடை இன்று கண்ணில் வண்ணம் காட்டலாம். பெங்களூரில் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒரு மோசமான பிற்பகல், அவ்வளவுதான். கரையிலிருந்து வெகுதூரத்தில், இருட்டில், வலையை இழுத்துக்கொண்டிருப்பவருக்கு அப்படியல்ல. கயிறு கையில் சுற்றாமல் இருப்பதும், எதிரே வரும் கப்பலின் விளக்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் அவர் கண்ணையும் நிதானத்தையும் நம்பி இருக்கிறது. கூட இருக்கும் நாலு பேரின் உயிரும் சேர்த்து.

நீலம்தான் அடையாளம் என்றானே, அதற்கு வருகிறேன். சைலோசின் காற்றுப் பட்டால் நீலமாகும், அது சரி. ஆனால் அடிபட்டால் நீலமாகும் வேறு காளான்களும் உண்டு. அதைவிட, பொடித்துக் கேப்சூலில் அடைத்த பின் நீலமும் இல்லை, குடையும் இல்லை, தண்டும் இல்லை. மழை பெய்த மறுநாள் புற்றுக் காளான் பறிக்கப்போகும் டெல்டாக் கிழவிக்கு எது சமைப்பது, எது நாய்க்குடை என்று தெரியும். தெரியாததைத் தொடவே மாட்டாள். அவள் கையில் இந்தப் பொடியைக் கொடுத்தால் அவளாலும் சொல்ல முடியாது. அமானிட்டா, கலெரினா இனங்களில் கொல்லும் காளான்கள் உள்ளன. அவற்றின் நஞ்சு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓசையில்லாமல் இருந்துவிட்டு வாந்தி பேதியாக வரும். பிறகு ஒரு நாள் தேறியதுபோல் காட்டும். அதன் பின் கல்லீரல் போகும். தேறிவிட்டது என்று மருத்துவமனையிலிருந்து கூட்டிவந்து இழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. காளான் சாப்பிட்ட பின் வாந்தி வந்தால், ‘சரியாகிவிட்டது’ என்று நம்பாமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். என்ன சாப்பிட்டோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில், கடைகளில் வெளிப்படையாக விற்ற பொருளிலேயே இந்தக் கூத்து நடந்தது. ‘டயமண்ட் ஷ்ரூம்ஸ்’ என்ற பெயரில் மைக்ரோடோசிங் சாக்லேட்டுகளும் கம்மிகளும் விற்றார்கள். சாப்பிட்டவர்களுக்கு வலிப்பு, மயக்கம், இதயத் துடிப்புக் கோளாறு. 2024 ஜூனில் உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது, நிறுவனம் சரக்கைத் திரும்பப் பெற்றது. இறுதிக் கணக்கில் 34 மாநிலங்களில் 180 பேர் நோயுற்றதாகப் பதிவானது. 73 பேர் மருத்துவமனையில். மூன்று இறப்புகளும் இதோடு தொடர்புடையவையாக இருக்கலாம் என்றது அந்த நிர்வாகம். சோதித்தபோது உள்ளே இருந்தவை மஸ்சிமால், மாயக்காட்சி தரும் செயற்கைப் பொருள், நரம்பு வலி மருந்தான பிரிகாபாலின் என்று ஒரு கதம்பம். சட்டமும் சோதனைச்சாலையும் உள்ள நாட்டில் இந்த நிலை. இன்ஸ்டாகிராமில் பணம் கட்டி கூரியரில் வாங்கும் பொடியில் என்ன இருக்கும் என்று யார் சொல்வது?

இந்தக் காளான் வந்து சேரக் காரைக்காலில் இன்னொரு வாசல் உண்டு. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸில் வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம்; கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வருவார்கள். பிரான்சில் இந்தக் காளான் தடைசெய்யப்பட்டது. ஆனால் ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலேறினால், மண்ணுக்கடியில் விளையும் அதன் கிழங்கு போன்ற பகுதியைச் சிறு அளவுப் பொட்டலங்களாகக் கடையில் வாங்கலாம். ஆம்ஸ்டர்டாமில் ஒரு காலத்தில் காளானே கடையில் கிடைத்தது. 2007 மார்ச்சில் பள்ளிச் சுற்றுலா வந்த 17 வயதுப் பிரெஞ்சு மாணவி காளான் சாப்பிட்ட பின் பாலத்திலிருந்து குதித்து இறந்தாள். 2008 டிசம்பரில் நெதர்லாந்து காளான் விற்பனையைத் தடைசெய்தது. கிழங்கு மட்டும் சட்டத்தின் சந்தில் தப்பிவிட்டது. ஊருக்கு வரும் பெட்டிகளில் சென்ட்டும் சாக்லேட்டும் வருவதுபோல இதுவும் வரக்கூடும் என்பதைப் பெரியவர்கள் அறிந்திருப்பது நல்லது.

இந்தக் காளானின் நவீன வரலாற்றிலும் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். நியூயார்க் வங்கி அதிகாரி கார்டன் வாசன் மெக்சிகோவின் ஒஹாகா மலைக்குப் போய், மசாட்டெக் இன மருத்துவச்சி மரியா சபினா நடத்திய இரவுச் சடங்கில் காளான் உண்டார்; 1957 மே மாதம் லைஃப் இதழில் எழுதினார். பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காளான் அறிஞர் ரோஜே எய்ம் அங்கிருந்து கொண்டுவந்த காளானைப் பாரிஸில் வளர்த்துக் கொடுக்க, சுவிஸ் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958இல் அதிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். நம் மலையும் அறிவியலுக்குப் புதிதல்ல. தமிழகக் காளான்களைப் பட்டியலிட்ட சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் கே.நடராஜனின் பெயரை மெக்சிகோ அறிஞர் காஸ்டன் குஸ்மான் இந்தக் குடும்பத்தின் ஒரு வகைக்கே சூட்டினார்: சைலோசைபி நடராஜனியை.

மரியா சபினாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் காளானை நோயாளிக்காகத்தான் எடுத்தார். இருட்டில், பாடிக்கொண்டு, விடியும்வரை நோயாளியின் பக்கத்திலேயே இருந்தார். வாசனின் கட்டுரைக்குப் பிறகு ஊருக்குள் வந்து குவிந்த வெளிநாட்டு இளைஞர்களுக்கு எந்த நோயும் இல்லை. அவர்களால் போலீஸ் வந்தது, ஊர் அவர்மீது பழி போட்டது, அவர் வீடு எரிக்கப்பட்டது. 1985இல் வறுமையில் இறந்தார். காளானால் உலகில் பெயரும் பணமும் சேர்த்தவர்கள் யாரும் அவருக்கு ஒரு வீடு கட்டித் தந்ததாக வரலாறு இல்லை. நவீன மருத்துவமனையும் இதைக் கொடுக்கும்போது நோயாளியின் பக்கத்தில் ஆறு எட்டு மணி நேரம் ஆள் உட்கார்ந்திருக்கிறார். தனியாக, யாருக்கும் சொல்லாமல், வேலைக்குப் போகும் வழியில் விழுங்கு என்பது சந்தைக்காரன் சேர்த்தது.

‘கொஞ்சமாக எடுத்தால் நல்லது’ என்பதைக் காரைக்காலுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். சாராயமும் கள்ளும் ஏலம் எடுத்துச் சட்டப்படி விற்கும் பகுதி இது. தமிழ்நாட்டைவிட மது மலிவு என்பதால் நாகையிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் வருகிறார்கள். கடல் குளிருக்கு ஒரு மூடி, உடம்பு வலிக்கு அரை டம்ளர், தூக்கத்துக்கு ஒரு குவார்ட்டர் என்றுதான் எங்கள் அப்பன்மார்கள் ஆரம்பித்தார்கள். ஒருவரும் கெட்டுப்போக வேண்டும் என்று ஆரம்பிக்கவில்லை. காளான் சாராயம் போல உடலைப் பிடித்துக்கொள்ளாது என்று அறிவியல் சொல்கிறது, அதை ஏற்கிறேன். ஆனால் துயரத்துக்குக் காரணமான கடனும் பயமும் அப்படியே இருக்க, துயரத்தை மட்டும் மூன்று நாளைக்கு ஒரு தடவை மழுங்கவைக்கும் பழக்கம் எங்கே கொண்டுவிடும் என்பதை இந்தக் கரை பார்த்திருக்கிறது.

சட்டத்தைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் சைலோசைபின் இருக்கிறது. 2 கிராம் வரை சிறு அளவு. 50 கிராமைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது பத்தாண்டுச் சிறை. காளானை முழு எடையில் நிறுத்துவதா, உள்ளே உள்ள சைலோசைபினை மட்டும் நிறுத்துவதா என்பதைப் பொறுத்து ஓர் இளைஞனின் பத்தாண்டு போகிறது அல்லது மிஞ்சுகிறது. கேரள நீதிமன்றத்தின் பிணை ஆணை, சென்னை உயர் நீதிமன்ற வரம்பில் உள்ள காரைக்காலைக் கட்டுப்படுத்தாது. வாட்ஸ்அப் பார்வேர்டை நம்பிப் பையில் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே நேரம், அப்பாவின் தூக்கத்துக்காகக் கேப்சூல் கொண்டுவந்த பிள்ளையையும் மலையில் மூட்டை கட்டி விற்பவரையும் ஒரே தராசில் நிறுத்தும் சட்டம் எனக்கு நியாயமாகப் படவில்லை. சிகிச்சைக்கு முன்வரும் அடிமைப்பட்டவருக்கு விலக்கு தரும் 64-ஏ பிரிவு அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. காவல் துறை அதை எடுத்துப் பார்க்கட்டும். காளானின் எடையை எப்படிக் கணக்கிடுவது என்பதை ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கையில் தீர்த்துவைக்கலாம்.

இந்தக் காளானை இந்திய மருத்துவம் தொடவே கூடாது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வேறு மருந்துக்கு அசையாத மனச்சோர்வோடு சாவை நினைத்துக்கொண்டிருப்பவருக்கு, மருத்துவமனைக் கட்டிலில், மருத்துவர் பக்கத்தில் இருக்க, எடை போட்ட மருந்தாக இது ஒரு நாள் பயன்படுமானால் பயன்படட்டும். நிம்ஹான்ஸும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் அத்தகைய ஆய்வை நடத்த அனுமதி வேண்டும். ஆஸ்திரேலியாவில் பணக்காரர்களுக்கு எட்டும் சிகிச்சை நம் ஏழைக்கு எட்டுமா என்பதையும் நம் ஆய்வுதான் சொல்ல முடியும். ஆனால் அது பெரிய அளவின் ஆய்வு. கேப்சூல் வியாபாரத்துக்கு அதில் எந்த உரிமையும் இல்லை.

அந்தப் பையனிடம் நான் சொன்னது இவ்வளவும் அல்ல. “அப்பாவ மொதல்ல ஜிப்மர் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ தம்பி. சுகர் பாக்கட்டும், மூச்சு பாக்கட்டும், தூக்கம் ஏன் வரலன்னு கேக்கட்டும். லீவு முடியறதுக்குள்ள நீயே கூட்டிட்டுப் போ” என்றேன். கேப்சூலைக் கொடுக்காதே என்றும் சொன்னேன். அரைமனதாகத் தலையாட்டினான். டாக்டரிடம் அழைத்துப்போனால் ‘பைத்தியம்னு ஊர் சொல்லும்’ என்று அப்பா மறுப்பார் என்றான். அவன் பயந்தது சரி. கேப்சூலின் உண்மையான பலமே அதுதான்: அதை யாருக்கும் தெரியாமல் விழுங்கலாம்.

ஆகவே புதுச்சேரி அரசிடம் ஒரு வேண்டுகோள். தடைக்காலத்தின் 61 நாளும் ஆண்கள் கரையில் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி என்று ஊர் ஊராக மாலை நேர மருத்துவ முகாம் நடத்துங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், கண் பார்க்கிற அதே மேசையில் ஒரு மனநல மருத்துவரும் உட்காரட்டும். அவருக்குத் தனிப் பலகை வேண்டாம். பஞ்சாயத்தார் சொன்னால் ஊர் வரும். அவர்களே முதலில் வரிசையில் நிற்கட்டும்.

முகாம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்றிய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். உங்கள் வீட்டுத் திண்ணையில் தூங்காமல் உட்கார்ந்திருப்பவருக்காக இன்றிரவே அந்த எண்ணை அழையுங்கள்.